சுயாட்சி யாருக்கு? ஸ்காட்லாந்தின் மூடிய ஆலைகளும் நம் தங்கவயலும்

ஸ்காட்லாந்து என்றதும் நம் முகநூல் தேசியவாதிகளுக்குப் பாவாடை கட்டிய போர்வீரர்களும் பைப் வாத்தியமும்தான் நினைவுக்கு வருகின்றன. 2014 செப்டம்பர் 18 அன்று அங்கே பிரிட்டனிலிருந்து பிரிவதா வேண்டாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தபோது இங்கேயும் ஒரு கூட்டம் பரவசப்பட்டது. மொழி விழித்துவிட்டது, இன மானம் விழித்துவிட்டது என்று பதிவு போட்டார்கள். இன்றுவரை மாநில சுயாட்சி பற்றிப் பேச்சு வந்தால் ஸ்காட்லாந்தை எடுத்துக்காட்டாக நீட்டுகிறார்கள். நம் படிப்பு வட்டத்து மாணவர்களும் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த வாக்கெடுப்பின் முடிவை ஒருமுறை ஊர் ஊராகப் பாருங்கள். மொத்தத்தில் "ஆம்" 44.7 விழுக்காடு, "இல்லை" 55.3 விழுக்காடு. 32 உள்ளாட்சிப் பகுதிகளில் நான்கில் மட்டும்தான் "ஆம்" வென்றது. டண்டீயில் 57.3, மேற்கு டன்பார்ட்டன்ஷயரில் 54, கிளாஸ்கோவில் 53.5, வடக்கு லனார்க்ஷயரில் 51.1. பழைய கேலிக் மொழி இன்னும் அதிகமாகப் பேசப்படும் மேற்குத் தீவுகளோ "இல்லை" என்று வாக்களித்தன. மொழிதான் காரணம் என்றால் முதலில் விழித்திருக்க வேண்டியது அந்தத் தீவுகள் அல்லவா?

சரி, அந்த நான்கு இடங்களும் எப்படிப்பட்டவை?

டண்டீ, சணல் நகரம். வங்காளத்தில் விளைந்த சணலைக் கொண்டுபோய் நூற்று நெய்து உலகத்துக்கே சாக்கு விற்ற ஊர். ஆலைக்குள் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதுவும் குறைந்த கூலிக்கு. கல்கத்தாவில் அதைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்ததும் மூலதனம் ஹூக்ளிக் கரைக்கு வந்துவிட்டது, டண்டீ தேய்ந்தது. பிறகு வந்த டைமெக்ஸ் கடிகார ஆலையும் ஒரு கசப்பான போராட்டத்துக்குப் பின் 1993இல் மூடப்பட்டது.

மேற்கு டன்பார்ட்டன்ஷயரில் இருக்கிறது கிளைட்பேங்க். குயின் மேரி கப்பல் கட்டப்பட்ட ஊர். நம் பாட்டிகள் வீட்டில் மிதித்துத் தைத்த சிங்கர் மெஷின்களில் பல அங்கேதான் வார்க்கப்பட்டன. அந்தத் தையல் மெஷின் ஆலை 1980இல் மூடப்பட்டது. கிளாஸ்கோ, கிளைட் ஆற்றங்கரை நெடுகக் கப்பல் கட்டும் தளங்களும் இன்ஜின் பட்டறைகளும் இருந்த நகரம். வடக்கு லனார்க்ஷயர், நிலக்கரிக்கும் உருக்குக்கும் பேர் போன பகுதி. அங்கே மதர்வெல் ஊரில் இருந்த ரேவன்ஸ்கிரெய்க் உருக்காலை 1992இல் அணைந்தது.

ஆலை மூடிய நான்கு ஊர்களும் ஆட்சியை எங்களிடம் கொடு என்றன. அந்த வாக்குப் பெட்டிக்குள் விழுந்தது வேலை இழந்தவர்களின் கணக்கு. அதை இன மானக் கணக்கில் எழுதிக்கொள்வது, தொழிலாளியின் நாற்பதாண்டு வலியைத் திருடுவது.

ஆனால் "ஆலை மூடினால் சுயாட்சிக் கோரிக்கை எழும்" என்று சூத்திரம் போட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்துக்குத் தெற்கே, எல்லையைத் தாண்டினால் வடகிழக்கு இங்கிலாந்து. அங்கேயும் சுரங்கங்கள் மூடின, கப்பல் தளங்கள் மூடின, உருக்காலைகள் மூடின. அந்த மக்களிடம் 2004இல் "உங்களுக்கென்று ஒரு மன்றம் வேண்டுமா?" என்று வாக்கெடுப்பு நடத்திக் கேட்டார்கள். ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அதே அழிவு, நேர் எதிரான பதில்!

வேறுபாடு எங்கே இருக்கிறது? ஸ்காட்லாந்துக்கு 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகும் தனிச் சட்ட முறை இருந்தது, தனித் திருச்சபை இருந்தது, தனிக் கல்வி முறை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்காட்லாந்துத் தொழிற்சங்கக் காங்கிரஸ் என்று தொழிலாளர்களுக்கே தனிக் கூட்டமைப்பு இருந்தது. தனித்தனி ஊர்களில் வேலை போன வலியை "ஒரு நாட்டின் வலி" என்று பெயரிட்டுச் சொல்ல அங்கே அமைப்பு இருந்தது. துயரத்தைக் கோரிக்கையாக மாற்றுவது அமைப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம் கதைக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

அந்தக் கோரிக்கை யார் வாயிலிருந்து வந்தது என்று பாருங்கள். 1968இல் ஸ்காட்லாந்துத் தொழிற்சங்கக் காங்கிரசில் ஸ்காட்லாந்துக்குப் பாராளுமன்றம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் மிக் மகாஹி. சுரங்கத் தொழிலாளர் தலைவர், கம்யூனிஸ்ட். 1971இல் கிளைட் ஆற்றின் கப்பல் தளங்களுக்கு இனி உதவி இல்லை என்று லண்டன் அரசு கைவிரித்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. தளத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு வேலை செய்தே போராடினார்கள். ஜிம்மி ரீட், ஜிம்மி ஏர்லி போன்ற தொழிலாளர் தலைவர்கள் நடத்திய அந்தப் போராட்டத்தின் முன்னால் 1972இல் அரசு இறங்கி வந்து பணம் கொடுத்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில், வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு எதிராகத் தொழிற்சங்கங்கள் எடின்பரோவில் கூட்டிய பெரிய மாநாட்டில்தான் "எங்கள் பிரச்சினையை நாங்களே தீர்க்க எங்களுக்கு ஒரு மன்றம் வேண்டும்" என்ற குரல் வலுவாக எழுந்தது.

1979இல் முதல் வாக்கெடுப்பு. 51.6 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காடாவது ஆம் சொல்லியிருக்க வேண்டும் என்று லண்டனில் ஒரு நிபந்தனையைச் செருகியிருந்தார்கள். வாக்களிக்காதவனையும் செத்துப்போனவனையும் "இல்லை" பக்கம் சேர்த்த கணக்கு அது. பெரும்பான்மை கிடைத்தும் மன்றம் கிடைக்கவில்லை. அடுத்த இரண்டே மாதத்தில் தாட்சர் ஆட்சி.

1981இல் லின்வுட் கார் ஆலை மூடல். 1986இல் பாத்கேட் லாரி ஆலை மூடல். 1984-85இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், போலீஸ் தடியடி, பிறகு சுரங்கம் சுரங்கமாக மூடல். தாட்சரின் கட்சி 1987இல் ஸ்காட்லாந்தின் 72 இடங்களில் வென்றது 10 மட்டுமே. ஆனாலும் அவர்தான் ஆண்டார். தலைக்கு இவ்வளவு என்று பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவில் போட்ட தலைவரியை 1989இல் முதலில் ஸ்காட்லாந்தில் கொண்டுவந்தார். இங்கிலாந்துக்கு அது ஓராண்டு கழித்துத்தான் வந்தது. தங்கள் கடலில் எண்ணெய் எடுக்கிறார்கள், வருமானம் லண்டன் கருவூலத்துக்குப் போகிறது, இங்கே ஆலைகள் மூடுகின்றன, நாம் போடும் ஓட்டுக்கும் மதிப்பில்லை. இந்த நான்கும் சேர்ந்தபோது கோரிக்கைக்கு ஒரு மறுக்க முடியாத நியாயம் வந்தது. 1997 செப்டம்பர் 11 அன்று நடந்த வாக்கெடுப்பில் 74.3 விழுக்காட்டினர் பாராளுமன்றம் வேண்டும் என்றார்கள். 1999இல் அது வந்தது.

இதுவரை நம் தேசிய நண்பர்கள் கைதட்டுவார்கள். கை சற்று ஓயட்டும், இனிதான் அவர்கள் சொல்லாத கதை.

ஸ்காட்லாந்துக்கு 1707க்கு முன்னால் சொந்தப் பாராளுமன்றம் இருந்தது. எந்த லண்டனுக்கும் கட்டுப்படாத இறையாண்மை உள்ள மன்றம். அது சுரங்கத் தொழிலாளிக்கு என்ன செய்தது? 1606இல் ஒரு சட்டம் போட்டது. நிலக்கரி வெட்டுபவரும் உப்புக் காய்ச்சுபவரும் பழைய எசமானின் சான்று இல்லாமல் வேறு யாரிடமும் வேலைக்குப் போகக் கூடாது. ஓடிப்போனால் பிடித்து இழுத்து வரலாம், திருடனைப் போல் தண்டிக்கலாம். சுரங்கம் கைமாறினால் அதில் இருந்த தொழிலாளர்களும் அதோடு கைமாறினார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது எசமான் கொடுக்கும் அன்பளிப்பை அப்பன் வாங்கிக்கொண்டால் அந்தக் குழந்தையும் சுரங்கத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். தஞ்சை மிராசுதாரர்களிடம் பண்ணையாளாகக் கிடந்த நம் மக்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1701இல் அதே பாராளுமன்றம், யாரையும் விசாரணை இல்லாமல் சிறையில் அடைத்து வைக்கக் கூடாது என்று ஒரு சுதந்திரச் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம்தான். ஆனால் நிலக்கரி வெட்டுபவர்களுக்கும் உப்புக் காய்ச்சுபவர்களுக்கும் அது பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எல்லோருக்கும் சுதந்திரம், இவர்களைத் தவிர. எங்கோ கேட்ட குரலாகத் தெரிகிறதா?

அந்தக் கொத்தடிமைக் கட்டை அவிழ்த்தவை 1775, 1799ஆம் ஆண்டுச் சட்டங்கள். இயற்றியது லண்டன் பாராளுமன்றம். கருணையால் செய்யவில்லை. சுரங்கத்துக்கு ஆள் போதவில்லை, அடிமை முத்திரை குத்திய வேலைக்குப் புதிதாக யாரும் வரவில்லை, அதுதான் முக்கியக் காரணம். ஆனாலும் உண்மை உண்மைதான். சொந்த மண்ணின் மன்றம் விலங்கு மாட்டியது, தூரத்து மன்றம் கழற்றியது.

பிறகு ஏன் சுரங்கத் தொழிலாளியான மகாஹியே சொந்த மன்றம் கேட்டார்? ஏனென்றால் இடைப்பட்ட காலத்தில் இரண்டு மாறியிருந்தன. தொழிலாளிக்கு ஓட்டு வந்தது, சங்கம் வந்தது. 1606இல் மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சுரங்க முதலாளிகளும் நிலப்பிரபுக்களும். 1968இல் மன்றம் வேண்டும் என்று எழுந்து நின்றவர் சுரங்கத் தொழிலாளி. மன்றம் எடின்பரோவில் இருக்கிறதா, லண்டனில் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலைப் பகுதிகளில் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கர்களின் வாரிசுகள் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். கப்பல் தளங்களில் கைத்திறன் வேலைகள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளின் கையில் இருந்தன, மூட்டை தூக்கும் வேலை இவர்களுக்கு. எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டாலே போதும், மதம் தெரிந்துவிடும். நம்மிடம் எந்தத் தெரு என்று கேட்பார்களே, அதே உத்தி. 1923இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை, ஐரிஷ் இனத்தால் ஸ்காட்லாந்து தேசியத்துக்கே ஆபத்து என்று ஓர் அறிக்கையை ஏற்றது. அதற்கு அது வருத்தம் தெரிவிக்க 2002 வரை ஆனது.

அதனால் 1970களில் சுயாட்சிப் பேச்சு வந்தபோது கத்தோலிக்கர்களில் பலர் அஞ்சினார்கள். பக்கத்தில் வட அயர்லாந்தில் ஸ்டோர்மண்ட் மன்றம் 1921 முதல் 1972 வரை நடத்தியதைப் பார்த்தவர்கள் அவர்கள். அங்கே உள்ளூர் பெரும்பான்மையின் கையில் வந்த சுயாட்சி, வேலையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் சிறுபான்மையை நசுக்கும் கருவியானது. அந்த அச்சத்தை யாரும் துரோகம் என்று சொல்லித் தீர்க்க முடியாது. காலப்போக்கில் ஸ்காட்லாந்தில் அது தணிந்தது. 1999இல் வந்த மன்றம் விகிதாச்சாரமும் கலந்த தேர்தல் முறையில் அமைந்தது. மொத்தம் 129 உறுப்பினர்கள், அதில் 56 பேர் கட்சிகள் பெறும் வாக்கின் அளவைக் கணக்கில் கொண்டு வருபவர்கள். ஒரே கூட்டம் எல்லாவற்றையும் சுருட்டுவது எளிதல்ல என்றானது. 2014இல் புராட்டஸ்டண்டுகளைவிடக் கத்தோலிக்கர்களே அதிக விகிதத்தில் "ஆம்" என்றார்கள். அச்சப்பட்டவனைத் திட்டியதால் வந்த மாற்றம் இல்லை இது. அவனுக்கும் இடம் உண்டு என்று அமைப்பிலேயே காட்டியதும் அதில் ஒரு பங்கு என்றே நான் கருதுகிறேன்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஆலை மூடிய நம் ஊர் எது? கோலார் தங்கவயல்.

1880இல் லண்டன் கம்பெனி அங்கே தோண்டத் தொடங்கியது. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போய் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித்துகள். ஊரில் பண்ணையாளாகச் செத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கவயல் ஒரு விடுதலைக் கதவு. பாறை வெடித்துச் செத்தார்கள், தூசி ஏறி நுரையீரல் பழுத்துச் செத்தார்கள். ஆனாலும் மாதச் சம்பளம் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், சங்கம் கட்டினார்கள். பண்டிதர் அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் வேர்விட்ட இடங்களில் ஒன்று மாரிக்குப்பம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று அதே மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். சயனைடு கழிவு மண் மலை மலையாக ஊருக்குள் கிடக்கிறது. குடியிருந்த லைன் வீட்டுக்கு உரிமை கேட்கவே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

மதர்வெல்லுக்கு நேர்ந்ததைவிடத் தங்கவயலுக்கு நேர்ந்தது குறைவா? பிறகு ஏன் தங்கவயலின் துயரம் ஒரு நாட்டின் துயரமாகவில்லை? ஏன் எந்தத் தேசியவாதியும் அதற்காக வாக்கெடுப்புக் கேட்கவில்லை?

ஏனென்றால் அவர்களுக்கென்று ஒரு "பிரதேசம்" இல்லை. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கன்னட மாநிலத்தில் அவர்கள் தமிழர்கள். தமிழரிடம் வந்தாலோ அவர்கள் சேரிக்காரர்கள். சுரங்கத்தைச் சொந்தம் கொண்டாட டெல்லி இருந்தது. வேலை போனவர்களைச் சொந்தம் கொண்டாட எந்தத் தலைநகரும் இல்லை. தொழில் அழிந்தால் சுயாட்சிக் கோரிக்கை பிறக்கும் என்ற கோட்பாட்டில் இதுதான் பெரிய ஓட்டை. மண் உள்ளவனின் துயரம் தேசியமாகிறது, மண் இல்லாதவனின் துயரம் ரயிலேறிப் போகிறது.

இதைப் புரட்சியாளர் அம்பேத்கர் முன்பே கண்டார். 1942இல் நாக்பூர் மாநாடு நமக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று கேட்டது சும்மா இல்லை. 1955இல் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதியபோது அவர் அவற்றை எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு மாநிலத்தில் ஒரு பெரிய சாதி கையோங்கும், சிறிய சாதிகளும் தீண்டப்படாதவர்களும் அதன் காலடியில் நசுங்குவார்கள் என்று எச்சரித்தார். அதற்குத் தடுப்பாகப் பல உறுப்பினர் தொகுதிகளை முன்வைத்தார். நம் மாநில உரிமைக் காவலர்கள் இந்த நூலின் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

அவர் சொன்னது நடந்ததா? சுயாட்சியின் மிகச் சிறிய அலகு ஊராட்சி. அதைவிட நெருக்கமான "நம் ஆட்சி" கிடையாது. ஸ்காட்லாந்து வாக்களித்த அதே 1997இல், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்த தோழர்களும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குற்றம்? தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தது. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலித் தலைவர் ஒருவரை நிலைக்க விடவில்லை. டெல்லியா வந்து தடுத்தது? ஊர்தான் தடுத்தது.

அப்படியானால் நாம் டெல்லிப் பக்கமா? கிடையவே கிடையாது. டெல்லியில் குவிந்த அதிகாரம்தான் தங்கவயலை மூடியது. அதுதான் பொதுத்துறையை விற்கிறது. பொதுத்துறை போகும்போது இடஒதுக்கீடும் சேர்ந்தே போகிறது. ஆதிக்க சாதிக்காரனுக்கு ஆலை போனால் நிலம் இருக்கும், நமக்கு ஆலை போனால் திரும்பிப் போக ஊரின் கடைசியில் சேரிதான் இருக்கிறது. அதிகாரம் மக்களின் பக்கத்தில் வர வேண்டும் என்பதில் நமக்கு யாரையும்விட அதிக அக்கறை உண்டு. ஆனால் பக்கத்தில் வரும் அதிகாரம் யார் கையில் வருகிறது என்று கேட்கும் உரிமையும் நமக்கே அதிகம்.

ஸ்காட்லாந்தின் புதிய மன்றத்தையும் இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்க வேண்டும். 2000இல் பழைய நிலப்பிரபுத்துவக் குத்தகை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 2003இல் நிலம் விற்பனைக்கு வரும்போது உள்ளூர்ச் சமூகமே வாங்க முன்னுரிமை கொடுத்தது. 1984-85 வேலைநிறுத்தத்தில் தண்டிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களுக்கு 2022இல் சட்டம் இயற்றி மன்னிப்பு வழங்கியது. இவை சுயாட்சியின் நல்ல கனிகள். ஆனால் கிரேஞ்ச்மவுத் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2025இல் நின்றபோது அந்த மன்றத்தால் தடுக்க முடியவில்லை. கொடி மாறினால் மூலதனம் பயந்துவிடாது.

ஆகவே இளம் தோழர்களே, சுயாட்சி மேடைக்கு உங்களை அழைத்தால் போங்கள். ஆனால் கைதட்டும் முன் கேளுங்கள். வரப்போகும் அதிகாரத்தில் நிலம் யாருக்கு? மூடிய ஆலையின் மண்ணில் அதில் உழைத்தவனுக்குப் பங்கு உண்டா? தனியார் துறையில் இடஒதுக்கீட்டை உங்கள் தன்னாட்சி மாநிலம் சட்டமாக்குமா? டெல்லியிடம் பறிக்கும் அதிகாரத்தில் ஒரு பிடியை ஊராட்சியின் தலித் தலைவருக்கும் கொடுப்பீர்களா, இல்லை அவர் கொடியேற்றவும் நாற்காலியில் உட்காரவும் உங்கள் சாதிக்காரன் அனுமதி வேண்டுமா? மேலவளவைப் பற்றி உங்கள் தீர்மானத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா?

பதில் வந்தால் தோளோடு தோள் நிற்போம். பதில் வராவிட்டால் அந்த மேடை 1606ஆம் ஆண்டு மன்றத்தின் மேடை என்று புரிந்துகொள்ளுங்கள். அங்கிருந்து எழுந்து வந்து, நம் சங்கத்தை நாமே கட்டுவோம்.

ஜெய் பீம்.